அக்கா பிரித்துப் பார்க்கச் சொன்ன என்ஜின்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலருக்கும் அவரை மஞ்சக்குட்டையில் குடியிருந்த டீச்சராகத் தெரியும். அந்தப் பழைய காரால் அவர் பட்ட வேதனை சிலருக்கே தெரியும். தங்கை என்ற உரிமையில் அதை எழுதுகிறேன்.

அக்கா வாழவந்தியில் பிறந்தார். அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தவர் அக்காதான். வேலை கிடைத்த பிறகே மணம் செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை. எஸ்டேட் ஷெட்டில் ஓடாமல் கிடந்த காரை மாமா வாங்கி ஓடவைத்தார். அக்காவும் ஓட்டப் பழகினார்.

அதன் என்ஜினில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் இருந்தன. ஒன்றாவது பிஸ்டனும் ஆறாவதும் சேர்ந்து ஏறி இறங்கும். இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் அப்படியே. ஒரு ஜோடியின் அதிர்வை மற்ற ஜோடிகள் சமன்செய்துவிடும். பெட்ரோல் எரிவதும் ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு என்று மாறி மாறித்தான். அதனால் வண்டி குலுங்காமல் போகும். ஆனால் நீளமான என்ஜின். குளிர்விக்கும் தண்ணீர் முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போவதற்குள் சூடேறிவிடும். சூடு மிஞ்சினால் மேலே மூடியிருக்கும் நீண்ட ஹெட் வளைந்து, அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தகடு கருகிவிடும்.

ஒரு மழைநாள் காலையில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அக்காவே காரில் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். ஏற்றத்தில் ஆவி கிளம்பி வண்டி நின்றது. பின்னால் வந்த ஜீப்பில் மாற்றி ஏற்றுவதற்குள் மாமாவின் உயிர் பிரிந்துவிட்டது.

காரை விற்றுவிடச் சொன்னோம். அக்கா மெக்கானிக்கை வரவழைத்து என்ஜினைப் பிரிக்கச் சொன்னார். ஐந்தாவது, ஆறாவது சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருந்தது.

"ஏனுங்க, நான் நொம்ப வேகமா ஓட்டுனதால ஆச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க டீச்சர். பின்னால தண்ணி போற வழியெல்லாம் துரு அடைச்சிருக்குதுங்க. யாரு ஓட்டியிருந்தாலும் அந்த ஏத்தத்துல நின்னிருக்குமுங்க."

"செரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். கார் சரியானது. நோயாளிகளை ஏற்றிப்போக அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார். தாம் ஒருமுறைகூட அதில் ஏறவில்லை. தமக்குப் புற்றுநோய் வந்தபோதும் பஸ்ஸில்தான் சிகிச்சைக்குப் போய்வந்தார்.

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, அன்னைக்கு வண்டியில உங்க மாமா 'மெதுவாப் போ'ன்னாங்க. நான் கேக்கல."

"மெதுவாப் போயிருந்தாலும் நின்னுதான் இருக்குமுங்க்கா. மெக்கானிக்கே சொன்னாருங்களே."

"சொன்னாருதான். ஆனா அவிங்க கடைசியாச் சொன்னதையாவது நான் கேட்டிருப்பேன், கண்ணு."

 

முறைவைத்து வந்து அக்காவைக் குளிப்பாட்டிய சர்ச் சபைப் பெண்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கொட்டும் மழையில் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அக்கா போய்விட்டார் என்பதற்காக இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடாதீர்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.