முதல் பஸ் வந்த நாள்

தேனியிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதிவந்தேன். நம் வட்டாரத்தில் அதே வாரத்தில் முன்பு ஏதோ ஒரு வருடம் நடந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்கு ஆண்டு விழா எடுப்பதுபோலக் கேலி செய்ய வேண்டும். பழனிசெட்டிபட்டி டீக்கடையில் யாராவது அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தால் அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவாது.

ஒரு வாரம், வருசநாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு முதல் பஸ் வந்த கதையை எழுதினேன். வழியெல்லாம் நிறுத்தி மாலை போட்டதில் கண்ணாடி மறைந்து, பஸ் வாய்க்காலில் இறங்கிவிட்டது. காலையில் வரவேண்டியது, பொழுது சாயும் நேரத்தில் மாடுகள் இழுக்க ஊருக்குள் வந்தது. ‘மாட்டு வண்டிக்கு ஓய்வு கொடுக்க வந்த பஸ்ஸை மாடுகளே அழைத்துவந்தன’ என்று முடித்திருந்தேன். நிறையப் பேர் பாராட்டினார்கள்.

மூன்றாம் நாள் அந்த ஊரிலிருந்து வயதான ஒரு அம்மாள் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

“அந்த பஸ்ஸுக்காக நாங்களும் ரோட்டுல நின்னோம் சார். எங்க அக்காவுக்குப் பிரசவ வலி. கட்டில்ல படுக்க வச்சிருந்தோம். வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிக்கிட்டு வந்தாக. பஸ்ஸு வருது, சுருக்கா போயிரலாம்னு எங்க அய்யாதேன் அவுகளைத் திருப்பி அனுப்புனாக.”

“அப்புறம்?” என்றேன்.

“மத்தியானத்துக்கு மேல அக்கா மூச்சு நின்னுபோச்சு. பிள்ளையும் தங்கல. நீங்க எழுதுனதுல பொய்யில்ல சார். அடுத்த வருசம் எழுதுனா அவ பேரையும் போடுவீகளா? அவளுக்கு ஒரு போட்டோகூட இல்ல.”

பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

மறுவருடம் அதே பஸ்ஸைப் பற்றி மறுபடி எழுதினேன். கேலியைக் குறைத்து, கடைசியில் அந்தப் பெண்ணையும் அவள் பெயரையும் சேர்த்தேன். “இந்த வாரம் வருதும்மா” என்று அவருக்குச் சொல்லியும் விட்டேன். அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பத்திரிகை வந்தபோது, மாடுகள் பஸ்ஸை இழுப்பதோடு பத்தி முடிந்திருந்தது. ஆசிரியரிடம் ஓடினேன்.

“சிரிப்புப் பகுதியில சாவு எதுக்கு சார்?” என்றார். “இடமும் பத்தல.”

நான் வீடு சேர்வதற்குள் அந்த அம்மாளே கூப்பிட்டுவிட்டார்.

“பக்கத்து வீட்டுப் பொண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவ பேரு வரலையே சார். அடுத்த பக்கத்துல இருக்கும்னு புரட்டச் சொன்னேன். அங்கன நகைக்கடை விளம்பரந்தேன் இருக்குங்குறா.”

“எடுத்துட்டாகம்மா. நான் பாத்திருக்கணும்.”



“மூணு பேப்பர் வாங்கிட்டேன்,” என்றார். “சரி சார்.”

அதன்பின் நான் அந்தப் பத்தியை எழுதவில்லை. அவர் சொன்ன பெயர் என் நோட்டில் இருக்கிறது. அவரைக் கேட்காமல் அதை இங்கே எழுதக் கை வரவில்லை. கேட்பதற்கு அவரைக் கூப்பிடும் துணிவும் இன்றுவரை வரவில்லை.