நான் போட்ட ஒரு சிவப்பு ரைட்

வெயில் ஏற ஏற அந்தத் தகரக் கூரை டக் டக் என்று சத்தம் போடும்... பக்கத்தில் காயும் கருவாட்டு வாசம் வேறு. வாகரைப் பக்கத்தில் எனக்குக் கிடைத்த முதல் நியமனம். சுனாமி வந்து சில வருடங்கள் ஆகியும் பாடசாலை தற்காலிகக் கொட்டிலில்தான் நடந்தது.

நான் மட்டக்களப்பு டவுண் ஆள். கம்பஸில் புவியியல் படித்து முடித்த சூடு. எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு!

பத்தாம் வகுப்புக்குப் புவித்தட்டுப் பாடம். இரண்டு கொப்பிகளை மேசையில் வைத்து எதிரெதிரே தள்ளிக் காட்டினேன். ஒன்று மற்றதன் அடியில் நுழையும். மேலே உள்ளதன் விளிம்பு சிக்கி, வளைந்து, ஒரு கட்டத்தில் டப்பென்று நிமிரும்.

"இதுதான் பூமியதிர்ச்சி. கடலுக்கடியில நடந்தா மேல கிடக்கிற தண்ணியும் சேந்து எழும்பும்."

அடியில் போகும் தட்டால் ஆழத்தில் பாறை உருகி மேலே வந்தால் எரிமலை. சுமாத்திராவில் இரண்டும் இருப்பது அதனால்தான்.

பிறகு பலகையில் எழுதினேன். 'இலங்கை தட்டின் விளிம்பில் இல்லை, உட்பகுதியில் உள்ளது. ஆகவே பாதுகாப்பானது.' பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். எல்லாக் கொப்பிக்கும் சிவப்புப் பேனையால் ரைட் போட்டேன்.

அடுத்த கிழமை, இடைவேளை நேரம், டிலானி என்ற பிள்ளையின் அம்மா யோகேஸ்வரி அக்கா வந்தார். கையில் மகளின் கொப்பி.

அவர்களுடைய பழைய வீடும் வளவும் கடற்கரையில். மூத்த மகனைக் கடல் கொண்டுபோனது அங்கிருந்துதான். இப்போது கடலை விட்டு உள்ளே தள்ளிக் கொடுத்த வீட்டில் இருந்தார்கள். புருசன் அழகையா அண்ணனுக்குக் கடல்தொழில். தினமும் தோணிக்கு நடந்து அலுத்துப்போய், பழைய வளவுக்கே போவோம் என்று ஒரே நச்சரிப்பு.

"சேரே ரைட் போட்டிரிக்காரு, மறுகா என்ன பயம் எண்டு இந்தக் கொப்பியக் காட்டித்தான் சண்டை பிடிக்காரு. நான் என்ன சேர் சொல்ற?"

நான் கொப்பியில் அந்த வரியைப் பார்த்தேன்.

"அக்கா, அது அதிர்ச்சிக்குச் சொன்னது. அது விளிம்புலதான் கூடுதலா நடக்கும்..."

"அப்ப தண்ணி?"

"தண்ணி இஞ்ச வரைக்கும் வரும்."

"அப்ப ஏன் பாதுகாப்பெண்டு எழுதிக் குடுத்த நீங்க?"

அந்த 'ஆகவே பாதுகாப்பானது' புத்தகத்தில் இருந்ததா, நானே சேர்த்ததா? இன்றுவரை ஞாபகமில்லை.

"மறுகா தண்ணி எப்ப வரும்?"

"தெரியாதக்கா."

"வராமலே விட்டிருமா?"

"அதுவும்... தெரியா."

அவர் கோபப்படவில்லை. குழம்பிப்போய்ப் பார்த்தார். நான் அதைவிடக் குழம்பிப்போய், கொப்பியை வாங்கி அந்த வரியைக் கோடு போட்டு வெட்டிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அழகையா அண்ணன் வழியில் மறித்தார்.

"நீங்க வெட்டினதால அவ இனி பழைய வளவுக்கு வரவே மாட்டாவாம். கடலப் பாக்காம எப்பிடி சேர் தொழில் செய்யிற?"

ரைட் போட்டது பிழையா, வெட்டியது பிழையா? அவர் தனியாகப் போய்ப் பழைய வளவில் ஒரு குடில் போட்டார். அக்காவும் டிலானியும் உள்ளே கொடுத்த வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பகையில்லை... சோறு மட்டும் தினமும் கடற்கரைக்குப் போகும்.

இப்போது நான் டவுண் பள்ளிக்கூடத்தில். தட்டு நகர்வதை, எரிமலை வெடிப்பதை எல்லாம் வீடியோவில் காட்டுகிறேன். சுமாத்திராவில் அதிர்ந்தால் போன் உடனே சொல்கிறது. ஆனால் தட்டுகள் பக்கவாட்டில் உரசியதா, கடலைத் தூக்கியதா என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிவதில்லை. அன்று இரண்டு கொப்பியோடு இருந்த தெளிவு எங்கே போனதோ!

சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு செய்தி வந்தது. உடனே யோகேஸ்வரி அக்காவுக்குப் போன் எடுத்தேன். மூச்சு வாங்கப் பேசினார்.

"றோட்டுல நிக்கன் சேர். சனமெல்லாம் உள்ளுக்கு ஓடி வருகுது. நான் கடற்கரைக்குப் போறன்."

"ஐயோ, அங்க ஏன்?"

"எண்ட மனிசன் போன் எடுக்குதில்ல சேர்."

அன்று கடல் வரவில்லை. அது வராது என்று தெரிய ஒன்றரை மணித்தியாலம் ஆனது. பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் அக்காவும் அண்ணனும் அந்தக் கடற்கரைக் குடிலில்தான் இருந்தார்கள்.