பாதிப் பேயைத் தின்றவன்

அக்டோபர் 31, காலை 8.40. டார்ம்ஸ்டாட் ரயில் நிலையத்தில் அன்று பேயைத் தேடிப் புறப்பட்ட ஒரே பயணி நானாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் அலுவலகம் போகிறவர்கள். அவர்களுக்குத் தேட வேண்டிய அவசியமில்லை.

ஜெர்மனிக்கு வந்தபின் மூன்று ஹாலோவீன் போய்விட்டது. மூன்று வருடமும் மிட்டாய் வாங்கிவைத்து, மூன்றாவது மாடியில் கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேட்க ஒரு பிள்ளையும் வரவில்லை. எட்டு மணிக்குமேல் மிட்டாயை நானே தின்பேன். மறுநாள் எடை பார்க்கும்போதுதான் திகில் என்றால் என்னவென்று தெரியும். சரி, பேய் நம்மைத் தேடி வராவிட்டால் பேய் உலவும் தெருவுக்கு நாம் போய்விட வேண்டியதுதான்.

அந்தத் தெரு வுப்பர்டாலில் இருந்தது. வசந்தி அக்காவும் அவர் கணவர் நேசன் அண்ணாவும் இரண்டு வருடமாக அங்கே சொந்த வீட்டில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள்; முப்பது வருடத்துக்கு முன் அகதிகளாக வந்தவர்கள். அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அண்ணாவுக்கு இரும்புக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில். ஒரு கோயில் திருவிழாவில், சாப்பாட்டு வரிசையில் நான் இரண்டாம் முறை நிற்பதை அக்கா கையும் களவுமாகப் பிடித்தார். அப்படித் தொடங்கிய உறவு. "எங்கட தெருவில நல்லாக் கொண்டாடுவினம், வந்து பாருங்கோ தம்பி" என்று போனில் சொல்லியிருந்தார்.

என்னிடம் இருந்தது 58 யூரோ மாதச் சீட்டு. அதில் அதிவேக ரயிலில் ஏற முடியாது. மைன்ஸ், கோப்லென்ஸ், கொலோன் என்று ரைன் நதியோரமாக உருண்டு உருண்டு வுப்பர்டால் சேர மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. அங்கிருந்து தொங்கு ரயில். தண்டவாளம் தலைக்குமேல், ஆறு காலுக்குக்கீழ். கடைசி மூன்று கிலோமீட்டர் ஆற்றை விட்டுவிட்டுத் தெருவுக்குமேலே போகிறது. யார் வீட்டில் என்ன சமையல் என்று மாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஃபோவிங்கல் என்ற கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன்.

அக்கா வீட்டில் சோறு, மீன் குழம்பு, பூசணிக்காய்க் கறி. தேங்காய்ப்பால் விட்ட கறி. நான் மூன்று தரம் போட்டுக்கொண்டேன். இந்தத் தகவலைக் குற்றப்பத்திரிகைபோல் குறித்துக்கொள்ளவும்.

சாப்பிட்டபின் அக்கா ஒரு பெரிய அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். விளிம்புவரை சாக்லேட்.

"போன வருசமும் இப்பிடித்தான் வாங்கி வச்சிருந்தனான் தம்பி. பக்கத்து வீட்டுக்குப் போனதுகள், எதிர்வீட்டுக்குப் போனதுகள். எங்கட வீட்டில ஒரு பிள்ளையும் பெல் அடிக்கேல்லை."

"அதுக்கு என்ன, விடும்" என்றார் அண்ணா.

"பெல்லில எங்கட பேரை வாசிச்சுப்போட்டுத்தான் போகுதுகளோ எண்டு எனக்கு ஒரு யோசினை." அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சட்டியில் சரியாக இருந்த சாக்லேட்டுகளை மறுபடி அடுக்கினார்.

"விசர்க்கதை கதையாதையும்" என்றார் அண்ணா. குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

நான் இன்னொரு கரண்டி கறி கேட்டேன்.

மாலை 5.30. நன்றாக இருட்டிவிட்டது. எலும்புக்கூடு அச்சடித்த பன்னிரண்டு யூரோ டி-ஷர்ட்டை ஸ்வெட்டருக்குமேல் இழுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். என் வயிற்றில் விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்து, நல்ல இடத்தில் சாப்பிட்ட எலும்புக்கூடுபோல் தெரிந்தது.

தெரு அமர்க்களம். படிக்கட்டெல்லாம் பல் இளிக்கும் பூசணிகள், உள்ளே விளக்கு. ஒரு தோட்டத்து நாற்காலியில் கையில் பீர் பாட்டிலோடு பிளாஸ்டிக் எலும்புக்கூடு; என்னைவிட ஒல்லி. சூனியக்காரிகள், ரத்தக்காட்டேரிகள், காரணமே இல்லாமல் ஒரு டைனோசர். எல்லாம் துணிப்பையோடு வீடு வீடாக ஓடி, "ஸ்யூசஸ் ஓடர் சௌரஸ்!" என்று கத்தின. இனிப்பா, புளிப்பா? இனிப்பு தராவிட்டால் குறும்பு செய்வோம் என்ற செல்ல மிரட்டல்.

நான் ஒரு கூட்டத்தின் பின்னாலேயே போனேன். பன்னிரண்டாம் எண் வீட்டில் மணி அடித்தார்கள். அடுத்தது பதினான்கு, அக்கா வீடு. நின்றுகூடப் பார்க்காமல் பதினாறுக்கு ஓடினார்கள். அடுத்த கூட்டமும் அப்படியே.

பிள்ளைகளோடு வந்த ஓர் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்கள் யாருடைய அப்பா?"

"யாருடைய அப்பாவும் இல்லை" என்றேன், என் உடைந்த ஜெர்மனில். இதைவிட மோசமான பதில் அந்த மொழியில் கிடையாது என்று அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அவசரமாகப் பதினான்காம் எண்ணைக் காட்டி, விருந்தாளி, அவர்கள் சாக்லேட்டோடு காத்திருக்கிறார்கள், ஏன் யாரும் போகவில்லை என்று வினைச்சொற்களைக் கண்ட இடத்தில் போட்டுக் கேட்டேன்.

அவர் வியப்போடு அந்த வீட்டைப் பார்த்தார். "அங்கே பூசணி இல்லையே! பூசணி எரிந்தால் வரலாம் என்று அர்த்தம். இல்லாவிட்டால் தொந்தரவு செய்யாதே. ஏழரைக்கு அணைத்தால் முடிந்தது. பிள்ளைகளுக்கு நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்."

எலும்புகள் குலுங்க ஓடினேன்.

"அக்கா! பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூசணிக்கா! வாசல்ல பூசணிக்கா எரிஞ்சாத்தான் பெல் அடிப்பாங்களாம்!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இருவரும் அடுப்பைப் பார்த்தோம்.

"அது சும்மா வடிவுக்கு வைக்கிறது எண்டெல்லோ நினைச்சன்" என்றார் அக்கா. "சாப்பாட்டுச் சாமானை வெட்டி வெளியில வைக்கிறதோ எண்டு கறி வச்சிட்டன்."

நல்லவேளை, குளிர்பெட்டியில் மறு பாதி இருந்தது. அண்ணா அதை மேசையில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடி மாட்டி, அளவுகோலை எடுத்தார். நிஜமாகவே.

"அண்ணா, பேய்க்கு எதுக்கு அளவு?"

"ரெண்டு கண்ணும் ஒரு மட்டத்தில வரவேணும் தம்பி."

"இஞ்சாருங்கோ, கெதியா வெட்டுங்கோ! ஆறு இருபது ஆச்சு!"

எங்கள் ஊரில் பூசணிக்காயில் பூதத்தின் முகம் எழுதி வாசலில் தொங்கவிடுவது, எவன் கண்ணும் படாமலிருக்க. இங்கே அதே முகம், வந்து மணி அடி என்று கூப்பிடுகிறது. அண்ணா செதுக்கிய பேய்க்கு இரண்டு கண்ணும் மில்லிமீட்டர் பிசகவில்லை. பயமுறுத்தும் பேயாக இல்லாமல் தணிக்கை அதிகாரிபோல் இருந்தது. அதைத் தெருப்பக்க ஜன்னலில் கண்ணாடியோடு ஒட்டி நிறுத்தி, ஒரு சின்ன மெழுகுவர்த்தி ஏற்றினோம். வெளியிலிருந்து பார்த்தால் முழுப் பூசணி. உள்ளே பாதி. மற்ற பாதி என் வயிற்றில்.

6.41. மணி அடித்தது.

அக்கா அசையவில்லை. "போய்த் திறவுமன்" என்றார் அண்ணா. கதவைத் திறந்தால் ஒரு சூனியக்காரி, ஒரு டைனோசர், பின்னால் துணி போர்த்திய ஏதோ ஒன்று. "ஸ்யூசஸ் ஓடர் சௌரஸ்!"

முப்பது வருட ஜெர்மனும் அக்காவுக்கு அந்த நொடியில் மறந்துவிட்டது. "வாங்கோ, வாங்கோ, உள்ள வாங்கோ!" என்றார். பேய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அக்கா இரண்டு கையாலும் அள்ளிப் பைகளில் போட்டார்.

"ஒண்டு ஒண்டாக் குடும், முடிஞ்சிடும்" என்று பின்னாலிருந்து அண்ணா.

"முடியட்டும்!"

சூனியக்காரி போகாமல் நின்று, மணிக்குப் பக்கத்தில் இருந்த பெயரை விரல் வைத்து வாசித்தாள். சி-வ-நே-ச-ரா-ஜா. தடுக்காமல் முடித்துவிட்டு, தோழியைக் கூப்பிட்டு, "நீ வாசி பார்ப்போம்" என்று சவால் விட்டாள். தோழி நான்காவது எழுத்தில் தடுக்கி விழுந்தாள். அக்கா மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார்.

அதன்பின் கதவை மூட நேரமில்லை. ஏழு மணிக்குச் சாக்லேட் தீர்ந்தது. அண்ணா, தட்டைபோல் மொறுமொறுக்கும் பருத்தித்துறை வடை டின்னைக் கொண்டுவந்து சட்டியில் கொட்டினார். ஒரு ரத்தக்காட்டேரி அதைக் கடித்துவிட்டு, உறைப்பில் கண் கலங்கி, இன்னொன்று கேட்டான்.

ஏழரை. தெருவில் பூசணிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஏழே முக்காலுக்குத் தன் விளக்கை ஊதிவிட்டு எதிர்வீட்டுக்கார அம்மா ஒருவர் தெருவைக் கடந்து வந்தார். நல்லெண்ணத்தோடுதான். "உங்கள் பூசணி இன்னும் எரிகிறதே. அணைக்காவிட்டால் பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டே இருப்பார்கள்."

அக்கா வடைச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"ஓம்" என்று தலையாட்டினார். பிறகு ஜெர்மனில், "தெரியும்."