பிஸ்கட் தின்ற பூனை

செங்கம் ரோட்டில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறைக்கு ஒரே நிபந்தனைதான்: கறி, மீன், முட்டை எதுவும் படியேறக் கூடாது. நான் கீழ்பென்னாத்தூரில் ஞாயிறு தவறாமல் மீன் கழுவும் வீட்டில் வளர்ந்தவள். ஆனாலும் ஜன்னலைத் திறந்தால் கிரிவல மலை தெரிந்தது. நாக்கைக் கட்டிக்கொண்டேன்.

அறையோடு ஒரு பூனையும் வந்தது. முன்பு குடியிருந்த வெளிநாட்டுப் பெண் ஊர் திரும்பும்போது அந்த வெள்ளைக் கடுவனையும் அரை மூட்டை பாக்கெட் தீனியையும் விட்டுப் போயிருந்தாள்.

வீட்டுக்கார அம்மா தினமும் பூஜை முடித்து, திருநீறு பூசிய கையாலேயே அந்தத் தீனியை அள்ளிப் போடுவார். அது பிஸ்கட் என்று அவருக்கு நினைப்பு. எங்கள் வீட்டுப் பூனை சைவம் என்று தெருவெல்லாம் பெருமை வேறு. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் கோழி என்று இருந்ததை நான் படித்திருந்தேன். சொன்னால் பூனை தெருவுக்குப் போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

எனக்கும் அந்தத் தீனி மேல் மரியாதை கிடையாது. எங்கள் ஊர் வீட்டில் மீனின் தலையும் குடலும் கழுவும் இடத்திலேயே பச்சையாகப் பூனைக்குப் போய்விடும். கடக் கடக்கென்று கடிப்பதெல்லாம் ஒரு சாப்பாடா என்று மனசுக்குள் அலட்டிக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் கடுவன் மண்ணில் உட்கார்ந்து முக்கி முக்கிக் கத்தியது. ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். மருத்துவர் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். காய்ந்த தீனியை மட்டுமே தின்று, தண்ணீரும் சரியாகக் குடிக்காத கடுவன்களுக்கு இப்படி வருமாம். மறுபடி அடைத்தால் பிழைக்காது என்றார். பச்சை மீன் போடட்டுமா என்று ஆவலாகக் கேட்டேன்.

"பச்சையா வேணாம்மா, பூச்சி வந்துடும். தீனிய ஊறவெச்சு, வேகவெச்ச கறிய அந்தத் தண்ணியோட கலந்து குடுங்க."

என் ஊர்ப் பெருமைக்கும் ஒரு குட்டு.

வெறும் ஊறவைத்த தீனியை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கறி வேண்டும், கறிக்கு வீடு இடம் கொடுக்காது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, வேங்கிக்கால் பக்கம் வேறு அறை பார்ப்பதாக வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அந்த பிஸ்கட்டே கோழிதான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தார்.

"பூனைய எங்கயும் எடுத்துட்டுப் போவாத," என்றார் கடைசியில். "பின்னாடி துணி தோய்க்கிற கல்லாண்ட ஒரு அடுப்பு வெச்சுக்கோ. மேல ஏத்தாத. நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்."

அப்படியே நடந்தது. பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டம் வாசலில் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்காவது இந்த வீட்டில் கறி வேகக் கூடாது என்று நானே அடுப்பை மூட்டவில்லை. மூட்டாத அடுப்பருகே நின்ற என் காலைச் சுற்றிச் சுற்றிக் கடுவன் கத்தியது.

பின்கட்டுக் கதவு திறந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பூனையின் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கார அம்மா நின்றார்.

"நான்தானே விரதம்," என்றார். "அதுக்கு வேகவெச்சுக் குடு."