கழுவிக்கொண்டு போன கால்

போன வாரம் எங்கள் கோவில் பங்கின் வாட்ஸப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவ உட்காரப் போகும் பன்னிரண்டு பேர். ஏழாவதாக என் பெயர். கீழே ஒரு குறிப்பு: 'எல்லோரும் கால்களைச் சுத்தமாகக் கழுவி, நகம் வெட்டிக்கொண்டு வரவும்.' படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் வயிறு எரிந்தது. முப்பத்தைந்து வருடத்து எரிச்சல். ஆறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

சடங்கு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இயேசு சாவதற்கு முந்தின நாள் தம் சீடர்களின் கால்களைக் கழுவினார் அல்லவா, அதை நினைத்து அன்றைக்குச் சாமியார் மண்டி போட்டு, பங்கு மக்கள் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். ஊழியம் செய்கிறவன்தான் பெரியவன் என்று காட்டுகிற சடங்கு. ஆனால் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போவோம். சாமியார் கையில் அழுக்குப் படலாமா? கால் கழுவப் போகிறவன் காலைக் கழுவிக்கொண்டு போகிற இந்தக் கூத்தை எங்கள் ஆட்களிடம்தான் பார்க்கலாம்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் மத்திகிரியில் மாட்டுப்பண்ணைப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் இருந்தேன். ஒரே அறை, இரண்டு பேர். நான் வேப்பனப்பள்ளிப் பக்கம், சூசை கல்லாவிக்காரன். எனக்கு ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வெள்ளைக் கோட்டு, ஷூ. அவன் பவுண்டரியில், இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற இடத்தில், தற்காலிகத் தொழிலாளி. அந்தக் கருமணல் அவன் குதிகால் வெடிப்புகளில் போய்க் குடியிருந்தது. அறைக்குள் அவன் நுழைந்தால் சூடான இரும்பு வாடையும் கூடவே நுழையும்.

அவனை எல்லோருக்கும் பிடிக்கும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கோவிலில் பெஞ்சு தூக்குவான், கக்கூஸ் கழுவுவான், யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கார வெங்கடம்மா பிள்ளைகளிடம் தெலுங்கும் மாடுகளிடம் கன்னடமும் எங்களிடம் தமிழும் பேசுகிறவள். "சூசை, சாப்ட்டியாப்பா?" என்று அவனைக் கேட்பாள். பக்கத்திலேயே நிற்கும் என்னை, "சார் வந்துட்டாரா" என்பாள். ஞாயிறுதோறும் பூசையில் கணீரென்று வாசகம் வாசிக்கிறவன் நான். அதை ஒருத்தர் சொல்ல வேண்டுமே, ஊஹும்.

அந்த வருடம் சாமியார் பன்னிரண்டு பேரையும் தொழிலாளிகளிலிருந்தே எடுத்தார். என் பெயர் இருந்தது, சூசையின் பெயர் இல்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். "விடுடா, அடுத்த வருசம் உன்னப் போடுவாங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் வேறு சொன்னேன்.

"எனக்கெதுக்குடா? அன்னிக்கி நான் வெந்நி தூக்கணும்" என்றான் சூசை.

ஷூவுக்குள்ளேயே வாழ்ந்த காலில் என்ன அழுக்கு இருக்கும்? இருந்தாலும் மூன்று நாள் செங்கல் துண்டால் தேய்த்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். கடைசியில் தேங்காயெண்ணெய். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

வியாழன் சாயங்காலம் பதினொரு பேர்தான் வந்திருந்தோம். ஒருவருக்கு ஓவர்டைம். சாமியார் சுற்றிலும் பார்த்தார். ஷிப்டு முடிந்து நேரே வந்த சூசை, வெந்நீர் வாளியோடு பக்கத்துக் கதவோரம் நின்றிருந்தான்.

"சூசை, வந்து உக்காரு."

"வேணாங்க சாமி. காலெல்லாம் அழுக்கு."

"அதுக்குத்தாம்பா கூப்புடறேன்."

என் பக்கத்து நாற்காலியில் வந்து, பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தான்.

முதலில் என் கால். ஒரு சொம்பு தண்ணீர், துண்டால் ஒரு ஒற்றல், பட்டும் படாமல் ஒரு முத்தம், ஆயிற்று. பாவம், கழுவ அவருக்கு அங்கே என்ன இருந்தது? அடுத்தது சூசையின் கால். முதல் சொம்பிலேயே தட்டுத் தண்ணீர் கறுத்தது. சாமியார் சோப்புக் கேட்டார். குதிகால் வெடிப்புகளை விரலால் நீவி நீவிக் கழுவினார். தண்ணீரை மூன்று முறை மாற்றினார்கள். பாட்டுக் குழு பாட்டை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. பெண்கள் பக்கம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சூசை தலையே நிமிரவில்லை. நான் என் பளபளக்கும் காலைப் பார்த்துக்கொண்டு பொறாமையில் வெந்தேன். நீங்களே சொல்லுங்கள், மூன்று நாள் தேய்த்தவனுக்கு ஒரு சொம்பு, அப்படியே வந்தவனுக்கு மூன்று தண்ணீரா?

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். ஒருமுறை, "எம்மேல கோவமாடா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் எனக்கு அம்மை போட்டது. ஊரில் தங்கச்சி கல்யாண வேலை நடந்ததால் வீட்டுக்குச் சொல்லவில்லை. வெங்கடம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, "உனக்கு இன்னும் போட்டதில்லையே சூசை, வேற எடம் பாத்துக்க" என்றாள்.

"அவனுக்கு இங்க யாருங்கம்மா இருக்காங்க?" என்று அவன் வேலைக்குப் போவதை நிறுத்தினான்.

பவுண்டரியில் அந்த மாதம்தான் நிரந்தரத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ போடா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

உள்ளங்கால் வரைக்கும் கொப்புளம். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாளில் வேப்பிலை போட்ட வெந்நீரில் என் கால்களை மடியில் வைத்து, விரல் விரலாகக் கழுவினான். தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றினான். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? வெங்கடம்மா பார்க்கட்டும் என்றுதானே இவ்வளவும் செய்கிறாய் என்று தோன்றியது. என் புத்தி அப்படி.

நான் எழுந்தேன், அவன் விழுந்தான். என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். அவனைப் பார்த்துக்கொள்ள எனக்கு லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவன் அண்ணன் வந்து ஒரு காய்கறி வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்லாவிக்குக் கூட்டிப்போனார். அந்த உடம்போடு வண்டியிலிருந்து, "அடுப்புல வெந்நி இருக்குது, குளிச்சிட்டுப் போ" என்றான். நிரந்தரப் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. அவனும் திரும்பி வரவில்லை. கல்லாவி ஒன்றும் அமெரிக்கா இல்லை. இரண்டு பஸ் மாறினால் போதும். நான் போகவில்லை. போனால் அங்கேயும் எனக்குக் கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைப்பான், அதைத் தாங்க முடியாது.

பவுண்டரி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். எங்கள் வரிசை வீடு லாட்ஜ் ஆகிவிட்டது. கருமணலோடு பூசைக்கு வருகிற கால் ஒன்றையும் கோவிலில் காணோம். எல்லாம் என் கால் மாதிரி ஆகிவிட்டன.

நேற்று எங்கள் இளம் சாமியாருக்குப் போன் செய்தேன். "ஏழாவதுக்கு வேற யாரையாவது போடுங்க சாமி. நான் அன்னிக்கி வெந்நி தூக்கறேன்."

"வெந்நீரா? கோவில்ல கீசர் போட்டு மூணு வருசம் ஆச்சுங்களே" என்று சிரித்தார். "நீங்க வந்து உக்காந்தா போதும்."

சரி என்று வைத்துவிட்டேன். ஏழாவது நாற்காலியில்தான் உட்கார வேண்டும். இன்று காலையில் நகமும் வெட்டியாயிற்று.