சுரங்கத்தில் துள்ளிய நிழல்

அறுபது. எல்லாம் இந்த எண்ணில்தான் தொடங்குகிறது. டிவியில் செருகி விளையாடும் அந்தப் பழைய கேம் பெட்டி ஒரு நொடிக்கு அறுபது படம் காட்டும். ஒன்று குறைந்தாலும் கார் திக்கும், பாட்டு இழுக்கும். அந்தப் பெட்டி செய்ததையெல்லாம் அப்படியே செய்யும்படி ஒரு மலிவு போனைப் பழக்கும் ஆப்புக்குப் பெயர் எமுலேட்டர். வேஷம் கட்டும் வேலைதான். வேஷம் எப்போது கலைகிறது என்பதை அந்த அறுபதுதான் காட்டிக்கொடுக்கும்.

அப்படி ஓர் எமுலேட்டரைக் கட்டியவளை ஆபீசில் நத்தை என்று கூப்பிட்டார்கள். மற்றவர்கள் எழுதும் ஆப்களில் தப்பு கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். அரை நாளில் 'ஓகே' போட்டு அனுப்ப வேண்டியதை ரெண்டு நாள் வைத்துக் குடைவாள். அதனால் அந்தப் பட்டம். தப்பு கண்டுபிடிக்கிறவளுக்கு எழுதுகிறவர்களின் வரிசையில் நாற்காலி கிடையாது. எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு எதுக்கு மேடம் அந்தத் தலைவலி?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவதற்கு அந்த ஆபீசில் தனிப் பயிற்சியே கொடுப்பார்கள் போல.

அதனால் வீட்டிலேயே எழுதினாள். மதிய ஷிப்டுக்குக் கிளம்பும் முன், சமையலறை மேஜையில். மேஜைமேல் ஆறு பழைய போன்கள். கீறல் விழுந்தது, முதுகு மூடி போனது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது. எமுலேட்டர் ஓடினால் போன் இட்டிலித் தட்டு மாதிரி சுடும். அதனால் ஈரத் துணி விரித்து, அதன்மேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, தட்டின்மேல் போன்களை அடுக்கியிருப்பாள்.

"ஆறு போன் வச்சிருக்கா, ஒண்ணுலேர்ந்தாவது எனக்கு ஒரு போன் போடுறாளா?" என்பார் மாமியார். "அந்தத் தட்டையாவது குடு, நான் சாப்பிடணும்."

"இன்னும் ஒரு ரவுண்டு ஓடட்டும் அத்தை."

"காரு ஓடுது, ரவுண்டு ஓடுது. என் பசிதான் ஒரே இடத்துல நிக்குது."

கணவன் பஸ் கண்டக்டர். வந்து எட்டிப் பார்ப்பான். "எங்க டிரைவரைவிட நல்லாத்தான் ஓட்டுது உன் போன்," என்பான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த பாராட்டு.

அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு திருத்தம் செய்தால் ஆறு போன்களிலும் அது தேற வேண்டும். அஞ்சில் தேறி ஆறாவதில் திக்கினால் வெளியே விடமாட்டாள். ஆறாவது போன் வைத்திருப்பவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்பாள். நியாயமான கேள்விதான்.

போன் ஆப்கள் கிடைக்கும் இணையக் கடையில் தன் ஆப்பை இலவசமாகப் போட்டாள். எழுதிய நிரலையும் ஊர் பார்க்கத் திறந்து வைத்தாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஒரே நிபந்தனை: எழுதியவள் பெயரைப் போட வேண்டும். ஆபீசில் கிடைக்காத நாற்காலியை அந்தப் பெயரில்தான் அவள் போட்டு உட்கார்ந்திருந்தாள். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

ஒருநாள் 'பசிச்ச பூனை' என்ற பெயரில் ஒருவன் செய்தி அனுப்பினான்.

"அக்கா, கார் ரேஸ்ல சுரங்கத்துக்குள்ள போகும்போது நிழல் காரை விட்டுட்டு இடது பக்கம் துள்ளுது. என் போன்ல மட்டும்தானா?"

எல்லாப் போனிலும் துள்ளியது. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் காரைப் பார்க்க முடியாது, நிழல்தான் தெரியும். பெட்டி படத்தைக் கோடு கோடாக வரைகிறது. எந்தக் கோட்டில் எது மாறுகிறது என்று நிரல் எண்ண வேண்டும். பல நாள் சல்லடை போட்டுத் தேடியபின் பிடிபட்டது: ஓர் இடத்தில் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டியதை அவள் ஒன்றிலிருந்து எண்ணியிருந்தாள். நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்யும் அசட்டுத் தப்பு. நிழல் ஒரு கோடு முந்திக்கொண்டு குதித்திருக்கிறது.

சந்தோஷத்தில் திருத்திய வரிகளை அப்படியே பூனைக்கு அனுப்பினாள். "உங்க போன்ல போட்டுப் பாத்துச் சொல்லுங்க."

"சூப்பர் அக்கா. நிழல் காரோட ஒட்டிக்கிச்சு. நீங்க தெய்வம்."

தெய்வம் என்று யாராவது சொன்னால் உண்டியலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் பார்க்கவில்லை. ஆறாவது போனில் அந்தத் திருத்தம் சத்தத்தைக் கெடுத்தது. வழக்கம்போல உட்கார்ந்து குடைந்தாள். பத்து நாளுக்குமேல் கழித்து, ஆறும் தேறிய பிறகே கடையில் ஏற்றினாள்.

அடுத்த வாரம் கடையிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு கம்பெனியின் ஆப்பிலிருந்து அவள் திருடியிருக்கிறாளாம். அந்த ஆப்பைத் திறந்து பார்த்தாள். நிறம் வேறு, முகப்பு வேறு, நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். உள்ளே ஓடியது முழுக்க அவள் எழுதியது. பெயர் மட்டும் இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

பதில் சொல்ல ஒரே வாய்ப்பு. மொத்த நிரலும் தன்னுடையது, பல வருஷமாகத் திறந்து கிடப்பது என்று எழுதினாள். கம்பெனி அதை மறுக்கவே இல்லை. பொதுவில் கிடந்ததை எடுத்தோம், சரி. ஆனால் அந்த நிழல் திருத்தம் எங்கள் ஊழியர் செய்தது, எங்கள் ஆப்பில் முதலில் வந்தது, இந்த அம்மாள் பிறகு எழுத்துக்கு எழுத்து நகல் எடுத்திருக்கிறார் என்றது. தேதி அவர்கள் பக்கம் இருந்தது. ஊழியர் யாரென்று சொல்ல வேண்டுமா? பூனை பால் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது. பூனையுடன் பேசிய செய்திகளைப் படமெடுத்து அனுப்பினாள். தனிப்பட்ட உரையாடல் சான்றாகாது என்றது கடை. பெயர் போடாதது? அது எங்கள் வேலையல்ல என்றது.

கணவன் டியூட்டி முடிந்து பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டான்.

"அவனுங்க எடுத்தது உன்னோடதுன்னா உன் தப்பும் அதுல இருக்கும்ல? அந்த நிழல் துள்ளுறது. அதக் காட்டேன்."

"இப்ப துள்ளாது."

"ஏன்?"

"நான்தான் சரி பண்ணிக் குடுத்தேன்."

அவன் பையைக் கழற்றி மடியில் வைத்தான். "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியேடி," என்றான். குரலில் கோபம் இல்லை.

"முடிச்சதும் உடனே ஏத்தியிருக்கலாமேடி."

"ஏத்தியிருக்கலாம்."

"அந்த ஆறாவது போன் மாதிரி வேற யாருகிட்டடி இருக்கு?"

"யாருகிட்டயாவது இருக்கும்."

கடையிலிருந்து அவள் ஆப்பை எடுத்துவிட்டார்கள். அவள் கணக்கையும் மூடினார்கள். இனி எதையும் அவள் பெயரில் அந்தக் கடையில் ஏற்ற முடியாது. கணவன் தன் பெயரில் ஏற்றச் சொன்னான். "உன் பேர்ல எதுக்கு? எழுதினது நான்," என்றாள். மாமியார் தட்டைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டு, "வேணும்னா எடுத்துக்கோ. நான் கிண்ணத்துல சாப்பிட்டுக்கிறேன்," என்றார். அவள் எடுக்கவில்லை.

ஆபீசில் விஷயம் பரவியது, அதுவும் பாதி மட்டும். திருட்டு ஆப் போட்டு மாட்டிக்கொண்டாள் என்பது அந்தப் பாதி. எழுதுகிறவர்களின் வரிசையைப் பற்றி அவள் பிறகு வாய் திறக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரன் ஆறுதலாக, "விடுங்க, இன்னொண்ணு எழுதிடலாம்," என்றான்.

"எழுதலாம். யாராவது தப்புன்னு சொன்னா திருத்திக் குடுத்துடுவேன். அதான் பயமா இருக்கு."

அவன் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான்.

கம்பெனியின் பக்கத்தில் ஜனங்கள் எழுதுவதை அவள் இப்போதும் படிக்கிறாள். சுரங்கத்தில் நிழல் என்ன அழகாகக் காரோடு ஒட்டிப் போகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே கம்பெனி கைகூப்பும் பொம்மை போட்டு, எங்கள் குழுவின் உழைப்பு என்று நன்றி சொல்லியிருந்தது. பக்கத்தின் உச்சியில், அந்த ஆப்பை இறக்கியவர்களின் எண்ணிக்கை போட்டிருக்கிறது.

ஒரு கோடியே இருபது லட்சம்.