கிளாரினெட் வரிசையில் திவ்யாவின் இடம்

இந்த ஊரில் சவ ஊர்வலம் வந்தால் எதிர்ப்பக்கம் போகிற கார்கூட ஓரம் கட்டி நின்றுவிடும். டெக்சாஸுக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. ஒருநாள் எனக்கு முன்னால் போன பிக்கப் டிரக் திடீரென்று நின்றது. ஓட்டியவர் தொப்பியைக் கழற்றினார். "செத்தவங்க இவருக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டேன். பின்சீட்டில் இருந்த என் மகள் திவ்யா, அப்போது ஆறாம் வகுப்பு, "நோ அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ரெஸ்பெக்ட்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. எங்கள் பவானியில் சாவு என்றால் மேளச் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும், பூவை வாரி இறைத்துக்கொண்டே போவார்கள், பஸ்காரர் ஹாரன் அடித்தபடி ஒதுங்கிப் போவார். அதுவும் மரியாதைதான். ஆனால் முன்பின் தெரியாதவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டு காத்து நிற்பதை நான் அங்கே பார்த்ததில்லை.

சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில், அந்தக் கார்கள் என் திவ்யாவுக்காக நின்றன. அவள் படித்த உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு மாணவன் துப்பாக்கியோடு வந்தான். அவனைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன். இதற்கு மேல் ஒரு வரி அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. டிவிக்காரர்கள் திவ்யாவை 'ஹீரோ' என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிப்பவள், கிளாரினெட் பெட்டியை எடுக்கத் தாழ்வாரத்தில் நடந்து போனாள், அவ்வளவுதான். பெரிய வாசிப்புக்காரியும் இல்லை, உள்ளதைச் சொல்கிறேனே. ஆனால் ஆகஸ்ட் வெயிலில் தார் இளகுகிற பார்க்கிங் லாட்டில் நாள் முழுக்க நடந்து பழகி, காலெல்லாம் கொப்புளத்தோடு வந்து, மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு நிற்பாள். எனக்கு அதுதான் பெருமை, இன்றைக்கும்.

ஊரில் என்றால் பெண்ணாகப் பிறந்த என்னைச் சுடுகாட்டு வாசல்வரைகூட விட்டிருக்க மாட்டார்கள். இங்கே கடைசிவரை கூடவே போனேன். திரும்பி வந்தால் வாசலெல்லாம் பாத்திரம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று இந்த வெள்ளைக்காரர்களுக்கு யார் சொன்னார்களோ! ஒவ்வொரு கண்ணாடிப் பாத்திரத்தின் அடியிலும் பெயர் எழுதின டேப் ஒட்டி, கறியும் சீஸும் போட்டு அவனில் வேகவைத்த கேஸரோல் கேஸரோலாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்துத் தெரு மும்தாஜ், காயல்பட்டினத்துப் பெண், ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்து, "இதுல ஹாம் போட்டிருக்கு, பன்னிக்கறி, நம்ம ரெண்டு வீட்டுக்குமே ஆகாதுக்கா" என்று டிவிக்காரர்களை விலக்க வெளியே நின்ற போலீஸ்காரரிடம் தூக்கிக் கொடுத்தாள். அவர் சங்கடத்தோடு வாங்கிக்கொண்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேனே என்று அப்புறம் அழுதேன்.

பவானியிலிருந்து என் அண்ணன் தினமும் போன் செய்தான். "அந்த ஊரே வேணாம் கண்ணு, மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு." என் வீட்டுக்காரர் ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் இன்ஜினியர். அஸ்தியைப் பவானிக் கூடுதுறையில் கரைக்க டிக்கெட் எடுத்திருந்தோம். அப்படியே அங்கேயே இருந்துவிடுவதா, திரும்பி வருவதா என்று எங்களுக்குள் பேச்சு முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளி மறுபடி திறந்த வாரம் பேண்ட் மாஸ்டர் மிஸ்டர் ஹாரிஸ் வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபுட்பால் ஆட்டம். இடைவேளையில் பிள்ளைகள் வாசித்துக்கொண்டே மைதானத்தில் அணிவகுத்து நடக்க வேண்டும். திவ்யாவின் இடத்தில் யாரையும் போடாமல், காலியாகவே விட்டு நடக்கட்டுமா என்று அனுமதி கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மூரில் பந்தியின் நடுவே ஓர் இலையை ஆளில்லாமல் விடுவோமா? கோலாட்டத்தில் ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால் அவள் தங்கச்சியை இழுத்து வந்து நிறுத்துவோம். நம் வீட்டுப் பிள்ளையால் ஆட்டம் கெட்டது என்று பேர் வரக்கூடாதே. ஆளுக்குத்தான் தவிக்கிறார் என்று நினைத்து, "கவலைப்படாதீர்கள், பக்கத்து ஊர் ஆலனில் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், நன்றாக வாசிப்பாள், நானே பேசி அனுப்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யெஸ், மேம்" என்று சொல்லி எழுந்து போனார்.

"அவர் ஆள் கேட்டு வரலைம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

"பின்ன எதுக்கு? நம்ம பொண்ணு நின்ன எடம் ஓட்டையா கெடக்கறத ஊரே உக்காந்து பாக்கணுமா? என்னால பாக்க முடியாதுங்க. யாரையாவது போட்டு அடைக்கச் சொல்லுங்க."

மறுநாள் ஜெசிக்கா வந்தாள். நெட்டையான பெண், வரிசையில் திவ்யாவுக்கு இடப்பக்கம் நடப்பவள். உள்ளே வரவில்லை, டிரைவ்வேயிலேயே நடந்து காட்டினாள். தலையைத் திருப்பாமல் நேரே பார்த்து நடக்க வேண்டுமாம். பக்கத்தில் இருப்பவரைக் கண்ணோரத்தால் பார்த்துத்தான் வரிசை பிசகாமல் போவார்களாம். "என் வலப்பக்கம் எப்போதும் திவ்யாதான் ஆன்ட்டி" என்றாள். இப்போது அந்த இடத்தில் ஆளில்லாததால் வரிசை தானாகவே நெருங்கிவிடுகிறது. நெருங்கவிடாமல் இருக்கத்தான் இந்த வாரம் முழுக்க ப்ராக்டீஸ். நெருங்கிவிட்டால் மிஸ்டர் ஹாரிஸ் நிறுத்தி, முதலிலிருந்து நடக்கச் சொல்கிறார். காலி இடம் என்றால் சும்மா விட்டுவிடுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளைகள் அதற்காக வெயிலில் வியர்வை சிந்திக்கொண்டிருந்தார்கள். "ப்ளீஸ் ஆன்ட்டி, டோன்ட் மேக் அஸ் க்ளோஸ் இட்" என்று அவள் உதடு பிதுங்கச் சொன்னபோது நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சரி என்றேன். மைக்கில் எதையும் அறிவிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போனேன். மும்தாஜ்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். இடைவேளையில் பேண்ட் மைதானத்துக்குள் வந்தது. இறகு வைத்த தொப்பிகள், ஒரே மாதிரி உடுப்பு, எந்த அம்மாவுக்கும் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சிரமம். எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வரிசை நேராக வந்தபோது அந்த இடமும் நேராக வந்தது. வரிசை வளைந்தபோது அதுவும் வளைந்தது. மூலையில் எல்லோரும் திரும்பினார்கள், அதுவும் அளவு குறையாமல் திரும்பியது. ஐயோ, என் பெண் ஓர் அடிகூடத் தப்பாக வைக்கவில்லை! மார்பு விம்மிவிட்டது எனக்கு. அடுத்த வாரம் அவளைக் கூடுதுறைத் தண்ணீரில் விடப் போகிறோம். இங்கேயோ நூறு பிள்ளைகளுக்கு நடுவே அவள் நடந்துகொண்டிருந்தாள். எந்த ஊரில் நான் இருப்பது?

பக்கத்தில் ஒரு பெண்மணி, யார் வீட்டுக்கோ விருந்தாளியாக வந்தவர் போல, கைதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். இதில் உங்கள் பிள்ளை யார் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இங்கே மைதானத்துப் படிகளில் உட்கார்ந்தால் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். மும்தாஜ் பதறிப்போய் என் முழங்கையை அழுத்தினாள்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். கிளாரினெட், மூன்றாவது வரிசை.

"அந்த உயரமான பெண்ணா?"

"அவள் இல்லை. அவளுக்கு வலப்பக்கம்" என்றேன். "அந்த இடம். அது என்னுடையது."